பாடுவோர் செவிக்கும் ஒரு பங்கு

கச்சேரி மேடையிலே தம்பூரா மீட்டுபவர் எவ்விடத்தில் அமர்கிறார் என்பதை வாசகர்கள் கவனித்திருக்கலாம். பாடகரின் முதுகுக்குப் பின்னே, அவருடைய காதுக்கு எட்டும் தொலைவிலேயே அமர்கிறார். கடைசி வரிசையில் இருப்பவருக்கு அந்த நாதம் கேட்கிறதா என்பது அடுத்த கவலை. பாடுகிறவருக்குக் கேட்க வேண்டும் என்பதே முதற்கவலை. நாதசுரக் கோஷ்டியிலும் அவ்வாறே. ஒத்து ஊதுபவர் ஒரே சுரத்தை இடையறாது பிடித்துக்கொண்டு நாதசுரக்காரரின் அருகிலேயே நிற்பார். நாதசுரக்காரர் எவ்வளவு தூரம் சஞ்சாரம் செய்து வந்தாலும் திரும்பி வந்து சேர வேண்டிய வீடு அந்தச் சுரந்தான். ஒலிபெருக்கி என்ற சாதனம் நம் நாட்டுக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்னரே, இசைப்பவனின் செவிக்கென்று தனியே ஒரு பங்கு ஒதுக்கப்பட வேண்டும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

ஒலிபெருக்கி வந்தபின் இந்த அறிவு சற்று மங்கிற்று என்றே சொல்ல வேண்டும். அதன் முகம் மக்களை நோக்கித் திரும்பியிருக்கும்; பாடுவோர் அதன் முதுகுப்புறத்தில் நிற்பர். மக்களுக்குச் சென்ற ஒலி எதிர்ச்சுவரில் மோதித் திரும்பிய பிறகே பாடுவோர் காதில் தெளிவாக விழும். ஒலி ஒரு வினாடியில் ஏறக்குறைய 340 மீட்டர் செல்லும். 30 மீட்டர் நீளமுள்ள ஒரு கோயிலில் பின்சுவரைத் தொட்டுத் திரும்ப 60 மீட்டர். அதாவது ஆறில் ஒரு பங்கு வினாடி. விரைந்த தாளத்தில் ஓர் எழுத்து முழுவதையும் பாடி முடிக்க அவ்வளவு நேரம் போதும். ஆகவே பாடகன் இந்த எழுத்தைப் பாடும்போது முந்திய எழுத்து அவன் காதில் வந்து விழுகிறது. தன் குரலைத் தானே துரத்திக்கொண்டு ஓடுகிறவனுடைய நிலை அவனுக்கு.

உலகப் புகழ் பெற்றவர்களுக்கும் இந்தத் துன்பம் நேர்ந்திருக்கிறது. 1965-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் நியூயார்க்கின் ஷியா விளையாட்டரங்கில் பீட்டில்ஸ் குழுவினர் பாடியபோது ஐம்பத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் கூடியிருந்தனர். அந்தக் கூச்சலில் நால்வருக்கும் தங்கள் இசை தங்களுக்கே கேட்கவில்லை. அதற்கு நான்காண்டுகளுக்கு முன்பு, 1961-இல், சான்பிரான்சிஸ்கோ நகரில் ஜூடி கார்லண்டு என்ற பாடகிக்காக அவர் பக்கம் திருப்பி ஒலிபெருக்கி வைத்ததை மேடை மானிட்டரின் தொடக்கங்களுள் ஒன்றாகக் கூறுவர். பாடுவோரை நோக்கித் திருப்பி வைக்கும் ஒலிபெருக்கிக்குத்தான் மானிட்டர் என்று பெயர். இக்காலத்தில் அதனையே சுருக்கிக் காதுக்குள் அணியும் இயர்போனாகவும் செய்துவிட்டனர். சினிமா மெல்லிசை மேடைகளில் பாடகர் காதிலே கம்பி தொங்குவதைக் கண்டு, அவர் பாட்டின் நடுவே கைப்பேசியில் பேசுகிறாரோ என்று ஐயுறும் பெரியவர்கள் இன்னும் நம் பங்குகளில் இருக்கிறார்கள்.

இனி எங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் இராஜபாளையத்தில் ஒரு பங்குக் கோயிலில் பாடும் ஒன்பது பேர். பாடுவோர் ஐவர்; ஹார்மோனியம் வாசிப்பவர் ஓர் ஆசிரியை; கீபோர்டுக்கு ஒரு கல்லூரி மாணவன்; தபேலாவுக்கும் டோலக்கிற்கும் இருவர். ஐவருள் மூத்தவரை ஊரே அண்ணாச்சி என்றுதான் அழைக்கும். நாங்களும் அப்படியே அழைக்கிறோம். அவருக்கு வயது அறுபத்து நான்கு. எங்களுள் பாதிப்பேருக்குத் திருப்பாடல் பாடக் கற்பித்தவர் அவரே. எங்கள் வீட்டுத் திருமணங்களிலும் இறப்புகளிலும் அவர் குரல் ஒலித்திருக்கிறது.

சில ஆண்டுகளாக அந்தக் குரலில் ஒரு தடுமாற்றம் தலைகாட்டத் தொடங்கியது. திருவிழா நாள்களில் அவர் சுருதியை விட்டு மேலே ஏறிவிடுவார். தாளத்திற்கு அரை அடி பின்தங்குவார். தொண்டை நரம்பு புடைக்கக் கத்துவார். மக்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வர். சென்ற ஆண்டுத் திருவிழா முடிந்ததும், "அண்ணாச்சி இனிமேல் உட்கார்ந்து கேட்கட்டுமே, சின்னப் பிள்ளைகளுக்கு வழிவிடட்டுமே" என்ற பேச்சு எழுந்தது. தீய எண்ணத்தோடு சொன்ன பேச்சன்று அது. எனினும் அது அவர் காதுக்கும் எட்டிவிட்டது. அடுத்த ஞாயிறு அவர் பாடகர் வரிசைக்கு வரவில்லை. பின்னே தூணருகில் அமர்ந்துவிட்டார். நாங்கள் வீட்டுக்குச் சென்று அழைத்தபோது, "தொண்டை போய்விட்டது, தம்பி. போன தொண்டையை வைத்துக்கொண்டு வீம்பு பிடிக்கக்கூடாது" என்றார்.

உண்மை வேறு என்பதைக் கண்டுகொள்ளத் தவக்காலம் உதவிற்று. தவக்காலத்தில் இசைக்கருவிகளைப் பாடலைத் தாங்குவதற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது திருச்சபையின் ஒழுங்கு. ஆகவே நாங்கள் தபேலாவையும் டோலக்கையும் கீபோர்டையும் உறையிலிட்டு, ஹார்மோனியம் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வது வழக்கம். வெள்ளிக்கிழமைச் சிலுவைப் பாதைக்கு அண்ணாச்சியை வற்புறுத்தி அழைத்து வந்தோம். பதினான்கு நிலைகளுக்கும் அவரே பாடினார். ஓரிடத்திலும் சுருதி விலகவில்லை, குரல் நடுங்கவில்லை. ஆசிரியை ஹார்மோனியத்தை மூடிக்கொண்டே, "போனது தொண்டையில்லை அண்ணாச்சி, வேறு ஏதோ" என்றார்.

அந்த வேறு ஏதோ என்னவென்பதை இராஜபாளையத்தார்க்கு விளக்க வேண்டியதில்லை. எங்கள் ஊரைச் சுற்றி நூற்பாலைகள். அருகே சத்திரப்பட்டியில் மருத்துவமனைக் கட்டுத்துணி நெய்யும் விசைத்தறிகள். அண்ணாச்சி ஓர் ஆலையில் முப்பத்தோராண்டு வேலை பார்த்தவர். ஆயிரக்கணக்கான கதிர்கள் ஒருங்கே சுழலும் கூடத்தில் எட்டு மணி நேரம் நின்றவர். அங்கே அருகில் நிற்பவரிடம் பேசுவதற்கும் கையால் சாடை காட்ட வேண்டும். விசைத்தறிக் கூடத்தில் இரைச்சல் இன்னும் மிகுதி. 90 டெசிபலை எளிதாகத் தாண்டும். நாளொன்றுக்கு 85 டெசிபல் எட்டு மணி நேரத்துக்கு மேல் காதில் விழலாகாது. அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று செவி காக்கும் துறையினர் கணக்குச் சொல்கின்றனர். அக்கணக்குப்படி 100 டெசிபலுக்கு அனுமதி கால் மணி நேரமே. இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு, 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அறிவிக்கப்பட வேண்டிய நோயாகவே இடம்பெற்றிருந்தது. சட்டத்தில் இருப்பதை நம் குடும்பங்களில் எத்தனைப் பேர் அறிவர் என்பது வேறு கேள்வி.

அண்ணாச்சியை மதுரைக்கு அழைத்துச் சென்று செவிப் பரிசோதனை செய்தோம். மருத்துவர் கோட்டுப்படம் ஒன்றைக் காட்டினார். இடப்பக்கத்திலிருந்து சமமாக வந்த கோடு, வினாடிக்கு 4000 அதிர்வு என்ற இடத்தில் கிணற்றில் விழுந்தாற்போல் கீழே சென்று பிறகு சற்றே மேலேறியது. இரைச்சலில் உழைத்த காதுக்கு இதுவே அடையாளம் என்றார். தாழ்ந்த ஒலிகள் நன்கு கேட்கும். உயர்ந்த ஒலிகள் மங்கும். தமிழ் எழுத்தில் சொல்வதானால், உயிரெழுத்துகள் காதில் நிற்கும். ச, த, க முதலிய மெய்யெழுத்துகளின் கூர்மை கரைந்துவிடும். பேசுவது கேட்கும், என்ன பேசினார்கள் என்பது விளங்காது. அமைதியான அறையில் அவர் சமாளித்துக்கொள்வார். பல ஒலிகள் ஒன்றாகக் கலக்கும் இடத்தில், வேண்டியதைப் பிரித்தெடுக்க அவர் செவிக்கு இயலாது. டோலக்கும் கீபோர்டும் ஒலிபெருக்கியும் முழங்கும் திருவிழா மேடை அத்தகைய இடமன்றோ?

தன் குரல் தனக்குக் கேளாதபோது மனிதன் தன்னை அறியாமலே உரத்துப் பேசுகிறான். பிரான்சு நாட்டுக் காது மருத்துவர் எத்தியேன் லொம்பார்டு 1911-இல் இதனை எழுதிவைத்தார். இன்றும் அவர் பெயராலேயே அது வழங்கப்படுகிறது. உரத்துப் பாட முயலும்போது தொண்டை இறுகும். இறுகிய தொண்டை சுருதியில் நிற்காது. அண்ணாச்சியின் நரம்பு புடைத்ததற்கு இதுவே காரணம். மருத்துவர் வேறொன்றும் சொன்னார்: "கேட்கவில்லை என்று ஒலியைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். மிச்சமிருப்பதையும் இழந்துவிடுவார்." எங்கள் வேலைக்கு எல்லை வகுத்தது இந்த ஒரு சொல்தான்.

காசு செலவில்லாத காரியங்களை முதலில் செய்தோம். டோலக்கை அண்ணாச்சியின் பின்னிருந்து அகற்றி வரிசையின் மறுகோடிக்குக் கொண்டுபோனோம். தம்பூரா அமரும் இடத்தில் ஹார்மோனியத்தை வைத்தோம். அதாவது அவர் காதருகே. சுவரில் தொங்கிய ஒலிபெருக்கிகளில் ஒன்று பாடகர் வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தது. அதை மக்கள் பக்கம் திருப்பினோம். ஒட்டுமொத்த ஒலியையும் பங்குத் தந்தையின் இசைவோடு சற்றுக் குறைத்தோம். ஒலி குறைந்ததென்று குறை கூறியவர் ஒருவருமில்லை. மறையுரை இப்போது தெளிவாகப் புரிகிறதென்று பலர் சொன்னார்கள். பாதிக் குணம் இதிலேயே கிடைத்துவிட்டது. கருவி வாங்கப் புறப்படுமுன் நம் பங்குகளில் இதைச் செய்து பார்ப்பது நலம்.

மீதிப் பாதிக்கு மானிட்டர் தேவைப்பட்டது. தாளக்காரர் இருவருக்கும் கீபோர்டு மாணவனுக்கும் சாய்வுப் பெட்டி ஒன்று செய்தோம். 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில், முன்பலகை மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும்படி தச்சர் அறுத்துக் கொடுத்தார். பழைய மைக் செட்டிலிருந்து கழற்றிய பத்து அங்குல ஸ்பீக்கர் ஒன்றை அதில் பொருத்தினோம். தரையில் அமர்ந்து வாசிப்பவர் முகத்தை அது பார்க்கும். இத்தகைய பெட்டியில் ஒரு நுட்பம் உண்டு. மைக்கின் வாய்க்கு எதிரே ஸ்பீக்கரை வைத்தால், மைக் வாங்கிய ஒலி ஸ்பீக்கர் வழியே வந்து மீண்டும் மைக்கில் புகுந்து, அது மறுபடி பெருகி, ஊளையிடத் தொடங்கும். பாடகர் பயன்படுத்தும் மைக்குகள் பெரும்பாலும் முன்பக்க ஒலியை ஏற்று, பின்பக்க ஒலியைத் தள்ளுபவை. ஆகவே மைக்கின் வால் எங்கே இருக்கிறதோ அங்கே பெட்டியை வைக்க வேண்டும். இதை அறிந்தால் ஊளையில் பெரும்பகுதி அடங்கும்.

அண்ணாச்சிக்கு இந்தப் பெட்டி ஏற்றதன்று. அதன் ஒலி மற்ற எல்லா ஒலிகளோடும் கலந்தே அவர் காதுக்குப் போகும். கலவையைப் பிரிப்பதுதானே அவருக்குக் கடினம்? வெளி இரைச்சலைத் தடுத்து, வேண்டியதை மட்டும் தாழ்ந்த ஒலியில் காதுக்குள் கொடுப்பதே அவருக்கு வழி. அவர் ஒருவருக்கு மட்டும் செய்தால் அவர் மனம் நோகும் என்று ஆசிரியை சொன்னார். ஆகவே பாடும் ஐவருக்கும் ஆசிரியைக்குமாக ஆறு சிறு பெட்டிகள் செய்வதென்று தீர்மானித்தோம். கடைகளில் கம்பியில்லாமல் இயங்கும் கருவிகள் உண்டு. ஆறு பேருக்கு வாங்குவதென்றால் கோயில் கூரையை விற்க வேண்டியதுதான்.

இங்கேதான் ஸ்ரீவில்லிபுத்தூர் எங்கள் கதைக்குள் வருகிறது. எங்கள் ஊரிலிருந்து பதினொரு பன்னிரண்டு கிலோமீட்டர் தூரம். பேருந்தில் ஏறிக் கண்ணயர்வதற்குள் கோபுரம் தெரிந்துவிடும். ஆண்டாள் கோயில் தெருக்களுக்கு அப்பால், வால்வு ரேடியோ காலத்திலிருந்தே கடை வைத்திருக்கும் முதியவர் ஒருவர் இருக்கிறார். எங்கள் தேவையைக் கேட்டதும் அவர் சிரித்தார். "எங்கள் ஊர்ச் சன்னிதியில் அரையர்கள் கையில் தாளம் ஏந்திப் பாடுகிறார்கள். மைக் பிறப்பதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முந்திய சேவை அது. உங்களுக்கு மட்டும் காதுக்குள்ளே ரேடியோவா?" என்று கேலி செய்தார். செய்துவிட்டு, தாளொன்றை எடுத்துப் படம் வரையத் தொடங்கினார். மாணவன் அவரிடம் ஆறு சனிக்கிழமைகள் சென்று ஈயப்பற்று வைக்கக் கற்றான். கூலி வாங்க மறுத்தார். பால்கோவா வாங்கிக்கொண்டு போனோம். "2019-இல் புவிசார் குறியீடே வாங்கிய ஊர்க்காரனுக்குப் பால்கோவாவா? உங்கள் ஊர் மாம்பழத்தைக் கொண்டுவாருங்கள்" என்றார். பருவம் வந்ததும் ஒரு கூடை கொண்டுபோய்க் கொடுத்தோம்.

பெட்டியின் அமைப்பைச் சொல்கிறோம். வேறு பங்கினருக்கும் பயன்படலாம். எங்கள் மிக்ஸரில் மக்களுக்குச் செல்லும் வழியைத் தவிர, தனியே ஒலி எடுக்க ஆக்ஸ் என்ற இரண்டு வழிகள் உண்டு. ஒன்றில் பாடுவோர் குரலை மட்டும் அனுப்பினோம். மற்றதில் ஹார்மோனியத்தை மட்டும். இவ்விரண்டும் ஒரு நடுப்பெட்டிக்கு வருகின்றன. அங்கிருந்து ஒவ்வொருவருக்கும் கணினிகளை இணைக்கும் லேன் கம்பி செல்கிறது. அதனுள் முறுக்கிய நான்கு இணைகள் இருக்கும். ஓர் இணையில் குரல், ஓர் இணையில் சுருதி, ஓர் இணையில் மின்சாரம்; நான்காவது இன்னும் வெறுமனே கிடக்கிறது. விலை மலிவு; எங்கும் கிடைக்கும்; அறுந்தால் மாற்றுவது எளிது. ஆனால் இந்தக் கம்பியை எவரும் கணினியில் செருகிவிடக்கூடாதென்று நுனியில் சிவப்புத் துணி சுற்றியிருக்கிறோம்.

ஒவ்வொருவர் கையருகிலும் இருப்பது ஓர் அலுமினியச் சோற்று டப்பா. பிள்ளைகள் பள்ளிக்கு எடுத்துச் செல்வது போன்றது. உலோகமாக இருப்பதால் வெளியிலிருந்து வரும் மின்னிரைச்சலைத் தடுக்கும், துளையிடவும் எளிது. அதன் முகத்தில் இரண்டு திருகுகள். ஒன்றின்மேல் "குரல்" என்றும் மற்றதன்மேல் "சுருதி" என்றும் எழுதினோம். ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய அளவைத் தாமே வைத்துக்கொள்ளலாம். உள்ளே 5532 என்ற எண்ணுடைய எட்டுக்கால் ஐ.சி. ஒன்று, நான்கைந்து கண்டென்சர், பத்துப் பன்னிரண்டு ரெசிஸ்டர். அவ்வளவுதான்.

இதில் எங்களுக்கு முக்கியமாகப் பட்டவை இரண்டு. முதலாவது மின்சாரம். காதுக்குள் இருக்கும் கம்பியின் மறுமுனை, வீட்டு மின்சாரமான 230 வோல்ட்டோடு எவ்வகையிலும் உறவு கொள்ளலாகாது. கைவேலையாகச் செய்த கருவியில் ஓர் ஈயத்துளி இடம் மாறினாலும் உயிருக்கு ஆபத்து. ஆகவே யு.பி.எஸ். கருவியில் இருக்கும் 12 வோல்ட் பாட்டரி ஒன்றை நடுப்பெட்டியில் வைத்து, அதன் வாயிலிலேயே ஒரு ஃபியூசும் இட்டோம். ஆறு பெட்டிகளும் குடிக்கும் மின்சாரம் மிகச் சிறிது. ஒன்பது நாள் நவநாளும் திருவிழாவும் ஒரே சார்ஜில் முடிந்துவிடும். சார்ஜ் ஏற்றுவது கோயில் பூட்டியிருக்கும் நேரத்தில்தான். அப்போது கம்பிகள் ஒன்றும் இணைந்திரா. மிக்ஸர் மின்சாரத்தில் இயங்குவதால், அதன் மூன்றாம் பின்னுக்குரிய எர்த் சரியாக இருக்கிறதா என்பதையும் எலெக்ட்ரீஷியனைக் கொண்டு சோதித்தோம். இதைச் சோதிக்காமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது.

இரண்டாவது மருத்துவர் சொன்ன எல்லை. மைக் கை தவறி விழுந்தால் எழும் இடிபோன்ற ஒலி நேரே காதுக்குள் பாயும். முதியவர் இதற்கு எளிய பூட்டு ஒன்று போட்டார். ஐ.சி.யின் வாயிலில் எதிரெதிராக இரண்டு சிறு டயோடுகள். ஒலியின் மின்னழுத்தம் அரை வோல்ட்டைச் சற்றே தாண்டியதும் அவை திறந்து மிகுதியை வடித்துவிடும். வெளியே போகும் வழியில் 100 ஓம் ரெசிஸ்டர் இன்னொரு காவல். யார் எந்தத் திருகை எவ்வளவு திருகினாலும் அந்த அளவுக்கு மேல் ஒலி போகாது. எல்லை மீறும்போது ஓசை கரகரக்கும். இசைக்கு அது அழகன்று. ஆனால் கரகரப்பே ஓர் எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

செலவைக் கேட்பவர்கள் உண்டு. டப்பா, திருகுகள், ஐ.சி., சில்லறைச் சாமான்கள் எல்லாம் சேர்ந்து பெட்டியொன்றுக்கு முந்நூற்றைம்பது ரூபாய் ஆயிற்று. காதை நன்றாக அடைக்கும் ரப்பர் முனையுள்ள இயர்போன் ஏறக்குறைய அதே அளவு. பாட்டரியும் கம்பிகளும் உட்பட ஆறு பேருக்கும் ஏழாயிரத்துக்குள் முடிந்தது. ஒரு திருவிழாப் பந்தலில் சீரியல் விளக்குக் கட்டும் செலவைவிடக் குறைவு.

ஒத்திகையின் முதல் நாள் அண்ணாச்சி இரு காதிலும் அணிந்துகொண்டு நின்றார். ஒரு காதில் மட்டும் அணிந்தால் திறந்த காதின் இரைச்சலுக்கு ஈடாக ஒலியைக் கூட்டத் தோன்றும். ஆகவே இரண்டிலும் என்று வகுத்திருந்தோம். ஹார்மோனியம் ஒலித்தது. அவர் பாடத் தொடங்கி, இரண்டு அடிக்குப் பின் நிறுத்திவிட்டார். "என் மூச்சு எனக்குக் கேட்கிறது. இந்தச் சத்தத்தைக் கேட்டு இருபது வருடம் இருக்கும்" என்றார். மீண்டும் தொடங்கினார். டோலக்கும் கீபோர்டும் சேர்ந்தன. அவர் கத்தவில்லை. நாங்கள் சிறுவர்களாயிருந்தபோது கேட்ட அந்த அடக்கமான குரல் வந்தது. ஆசிரியை தலையைக் குனிந்துகொண்டு வாசித்தார்.

ஆனால் அடுத்த ஞாயிறு திருப்பலியின் நடுவே அவர் இயர்போனைக் கழற்றிவிட்டார். கேட்டதற்கு, "கிணற்றுக்குள் தனியாக நின்று பாடுவதுபோல இருக்கிறது. சனங்கள் பதில் பாடுகிறார்களா இல்லையா என்றே தெரியவில்லை. யாருக்காகப் பாடுகிறேன்?" என்றார். மறுக்க முடியாத வார்த்தை. மக்கள் பங்கேற்றுப் பாட வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு சொல்லிற்று. பாடகர் காதை அடைத்து மக்களை அவரிடமிருந்து பிரிப்பது அதற்கு நேர்மாறு. ஆகவே மக்களை நோக்கி ஒரு மைக் நிறுத்தினோம். அதன் ஒலியை மக்களுக்குரிய ஒலிபெருக்கிக்கு அனுப்பாமல், சுருதி போகும் வழியில் மட்டும் சிறிதளவு கலந்தோம். இப்போது ஆறு டப்பாக்களிலும் மக்களின் குரல் கேட்கிறது. கைக்குழந்தைகளின் அழுகையும் கேட்கிறது. முன்வரிசையில் இருவர் பேசிக்கொள்வதும் ஓரளவு கேட்கிறது. எவர் என்று எழுதமாட்டோம்.

இவ்வாண்டுத் திருவிழாவில் அண்ணாச்சியே முதற்பாட்டு எடுத்தார். எழுபத்தைந்து நிமிடத் திருப்பலி. தேர்ப் பவனிக்கும் அவரே. முன்பு "சின்னப் பிள்ளைகளுக்கு வழிவிடட்டும்" என்றவர்களுள் ஒருவர் பூசை முடிந்ததும் வந்து, "அண்ணாச்சிக்கு எந்த வைத்தியர் மருந்து கொடுத்தார்?" என்று கேட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துப் பாடகர் குழுவினர் வந்து டப்பாவைத் திறந்து பார்த்துப் படம் எழுதிக்கொண்டு போனார்கள். அவர்களும் அதே ரேடியோக்காரரிடம் போயிருக்கிறார்கள்; மாம்பழத்துக்குப் பருவம் போய்விட்டதால் என்ன கொடுப்பதென்று எங்களைக் கேட்டார்கள்.

எல்லாம் தீர்ந்துவிட்டதென்று எழுதினால் உண்மையாகாது. செவியில் போனது போனதே. எந்த டப்பாவும் அதைத் திருப்பித் தராது. டப்பாவைக் கழற்றியதும் கோயில் வாசலில் நாம் சொல்லும் தோத்திரத்துக்கு அவர் வேறு ஏதோ பதில் சொல்லுவார். எங்கள் குழுவில் பாடுகிற இளைஞர் இருவர் இப்போது விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்க்கின்றனர். சனிக்கிழமை ஒத்திகைக்கு அவர்கள் நேரே ஷிப்டு முடிந்து வருவார்கள். அண்ணாச்சி வாசலிலேயே நிறுத்தி, "காதுக்கு வைத்தாயா?" என்று கேட்பார். ஒருமுறை அவர்களுள் ஒருவன், "பஞ்சு வைத்துக்கொண்டேன் அண்ணாச்சி" என்றான். பஞ்சு ஆலை ஊரில் பஞ்சுக்குப் பஞ்சமில்லை. காதில் வைத்தால் இரைச்சலைத் தடுக்க அது போதாது என்று அவனுக்குச் சொன்னார். மருந்துக்கடையில் விற்கும் நுரை அடைப்பானை விரலால் உருட்டி மெலிதாக்கி, மறுகையால் காது மடலை மேலே இழுத்து, உள்ளே செருகி, அது விரியும்வரை பிடித்திருக்க வேண்டும் என்று அவன் காதிலேயே செய்து காட்டினார். அதன்பின் ஹார்மோனியப் பெட்டியின் மூடியில் ஒரு பொட்டலம் அடைப்பான் எப்போதும் இருக்கிறது. தீர்ந்தால் அவரே வாங்கி வைக்கிறார்.